முரணிலிருந்து எல்லாம் பிறக்குமா? ஒரு நெடுவழக்கின் வரலாறு

ஒருவரது பள்ளி மாற்றுச் சான்றிதழில் பிறந்த ஆண்டு 1994 என்றும் குடும்ப அட்டையில் 1996 என்றும் பதிவாகியிருப்பது இந்நாட்டில் அரிய நிகழ்வன்று. இரண்டையும் ஒருசேரக் கண்ட அலுவலக எழுத்தர், ஏதோ ஒரு பதிவு பிழை என்று கருதுவார்; மூன்றாவது சான்று கேட்பார்; அதுவரை அம்மனிதரின் முகவரி, தந்தை பெயர் முதலிய ஏனைய விவரங்களை நம்பியே வேலையை நடத்துவார். "இவர் 1994இல் பிறந்தார், 1994இல் பிறக்கவில்லை, ஆகவே காவிரி வடக்கு நோக்கிப் பாய்கிறது" என்று எந்த எழுத்தரும் முடிவுகட்டுவதில்லை. ஆனால் இன்று பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்படும் செந்நெறித் தருக்கம் அம்முடிவை ஏற்புடையது என்றே சொல்கிறது. ஒரு கூற்றும் அதன் மறுப்பும் ஒருங்கே எடுகூற்றுகளாக அமைந்தால், எந்தக் கூற்றை வேண்டுமானாலும் முடிவாகப் பெறலாம். தருக்கவியலார் இதை 'வெடிப்பு விதி' என்பர். ஒரு முரண் நுழைந்தவுடன் கோட்பாடு முழுவதும் வெடித்துச் சிதறி, எல்லாக் கூற்றுகளும் நிறுவத்தக்கனவாகிவிடுகின்றன என்பதால் வந்த பெயர் அது.

இவ்விதி அரிஸ்டாட்டிலிடமிருந்து வழிவழி வந்த தொல்சொத்து என்ற எண்ணம் மாணவரிடையே பரவலாக உண்டு. அது சரியன்று. அரிஸ்டாட்டிலின் முக்கூற்று முறையில் வெடிப்புக்கு இடமில்லை. முரணான இரு எடுகூற்றுகளிலிருந்து அங்கே ஏதோவொன்று பெறப்படலாம், எதுவேண்டுமானாலும் பெறப்படாது. வெடிப்பு விதிக்குப் பிறந்த இடமும் காலமும் உண்டு: பன்னிரண்டாம் நூற்றாண்டின் பாரிஸ்.

அந்நூற்றாண்டின் முற்பகுதியில் பீட்டர் அபெலார்ட், "அ என்றால் ஆ" என்னும் நிபந்தனைக் கூற்று மெய்யாவதற்கு ஒரு கடும் வரையறையை முன்வைத்திருந்தார். ஆ-வின் பொருள் அ-வின் பொருளுக்குள் அடங்கியிருக்க வேண்டும் என்பதே அது. மனிதன் என்ற சொல்லின் பொருளில் விலங்கு அடங்கியிருப்பதால் "மனிதன் என்றால் விலங்கு" மெய். "மனிதன் என்றால் கல் அல்லன்" என்பதோ, ஒருபோதும் பொய்யாக முடியாததாயினும், அவ்வகையில் மெய்யன்று. ஏனெனில் மனிதன் என்பதன் பொருளுக்குள் கல்லைப் பற்றிய செய்தி எதுவும் இல்லை. பாரிஸின் அல்பெரிக் என்பார் அபெலார்டின் கொள்கைகளையே எடுகூற்றாகக் கொண்டு அவை தம்முள் மோதுவதைக் காட்டியபின், அவரவர் பள்ளி அவரவர் வழியில் சென்றது. ராபர்ட் ஆஃப் மெலனின் மாணவர், பொய்யிலிருந்து எதுவுமே பெறப்படாது என்றனர். சேன் ஆற்றின் சிறு பாலத்தருகே பாடம் நடத்திய ஆதாம் ஆஃப் பால்ஷமின் வழியினர், இயலாததிலிருந்து எல்லாம் பெறப்படும் என்றனர். இவர்களுள் இரண்டாமவரே இறுதியில் வென்றனர்.

அவ்வெற்றிக்குத் துணைநின்ற வாதத்தை அலெக்சாண்டர் நெக்கம் பதிவுசெய்திருக்கிறார். ஜான் ஆஃப் சாலிஸ்பரி 1159இல் முடித்த 'மெட்டாலஜிகன்' நூலில், தம் மாணவரான வில்லியம் ஆஃப் சுவாசோன் பழைய தருக்கத்தின் கோட்டையைத் தகர்க்க ஒரு 'பொறி' செய்தார் என்று சற்றே எள்ளலுடன் எழுதுகிறார். அப்பொறியும் நெக்கம் தரும் வாதமும் ஒன்றே என்பது கிறிஸ்டோபர் மார்ட்டின் 1986இல் முன்வைத்த கருத்து. அது ஐந்தே படிகள் கொண்டது. முதலில் "அ, மேலும் அ அன்று" என்று கொள்ளப்படுகிறது. அதன் ஒரு பாதியாகிய "அ" பெறப்படுகிறது. மறுபாதியாகிய "அ அன்று" பெறப்படுகிறது. "அ" மெய்யென்றதும் "அ அல்லது ஆ" மெய்யாகிறது. இங்கே ஆ எதுவாகவும் இருக்கலாம். இறுதியாக, "அ அல்லது ஆ" என்பதையும் "அ அன்று" என்பதையும் சேர்த்தால் எஞ்சுவது ஆ. ஒவ்வொரு படியும் தனித்தனியே பார்க்கும்போது பழுதற்றது. கூட்டிப் பார்க்கும்போது விளைவு அபத்தம். இவ்வாதத்தின் வலிமை முழுவதும் இந்த ஒவ்வாமையில்தான் இருக்கிறது.

இதே வாதத்தை 1932இல் சி. ஐ. லூயிஸ், லாங்ஃபோர்டுடன் இணைந்தெழுதிய 'சிம்பாலிக் லாஜிக்' நூலில் மீண்டும் எழுதினார். லூயிஸின் நிலை கவனத்திற்குரியது. ரஸ்ஸல் பயன்படுத்திய 'என்றால்' மிக மெலிந்தது என்று 1912 முதலே குறைகூறிவந்தவர் அவர். "திருச்சி கேரளத்தின் தலைநகரம் என்றால் இரண்டும் இரண்டும் நான்கு" போன்ற கூற்றையும் மெய்யென்று ஏற்கவைக்கும் அந்த 'என்றால்'-ஐ மாற்றவே அவர் கண்டிப்பான உட்கிடை என்ற புதிய இணைப்பை அமைத்தார். ஆயினும் அவரது அமைப்பிலும் இயலாத கூற்று எல்லாவற்றையும் தந்துகொண்டுதான் இருந்தது. ஐந்து படி வாதத்தைக் காட்டி, இது தம் அமைப்பின் குறையன்று, பெறுமுடிவின் இயல்பே இதுதான் என்று அவர் வாதிட்டார். கலகத்தைத் தொடங்கியவரே பாதியில் சமாதானம் செய்துகொண்டார் எனலாம்.

சமாதானத்தை ஏற்காதவர் சிலர் முன்னரே இருந்தனர். ரஷ்யாவில் இவான் ஓர்லோவ் 1928இல் வெளியிட்ட அமைப்பு, பிற்காலத்து இயைபுத் தருக்கத்தின் ஒரு பகுதியை அப்படியே கொண்டிருந்தது. அதைக் கோஸ்தா தோசென் 1992இல் எடுத்துக்காட்டும்வரை துறையில் பெரும்பாலோர் அறியவில்லை. 1950, 1951ஆம் ஆண்டுகளில் மோ ஷா-குவேய், அலோன்சோ சர்ச் இருவரும் தனித்தனியே அதே உட்கிடைப் பகுதியை வந்தடைந்தனர். ஆனால் துறையாக இது உருவெடுக்கக் காரணமானது வில்ஹெல்ம் ஆக்கர்மன் 1956இல் எழுதிய கட்டுரை. அதைப் படித்து வளர்த்தெடுத்த ஆலன் ரோஸ் ஆண்டர்சனும் நியூவெல் பெல்னாப்பும், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தை இயைபுத் தருக்கத்தின் தலைமையிடமாக ஆக்கினர்.

அவர்களது அடிப்படை எண்ணம் எளியது. ஒரு முடிவுக்கு எடுகூற்று உண்மையிலேயே பயன்பட்டிருக்க வேண்டும். நிறுவலில் ஒவ்வொரு எடுகோளுக்கும் ஓர் எண் ஒட்டப்படுகிறது. அடுத்தடுத்த வரிகள் எந்தெந்த எண்களைச் சுமந்துவருகின்றன என்று கணக்கு வைக்கப்படுகிறது. முடிவின் சுமையில் இல்லாத எண்ணுடைய எடுகோளை "என்றால்" என்று முன்னே நிறுத்த அனுமதியில்லை. இதனால் "அ என்றால், ஆ என்றால் அ" என்பது விழுந்துவிடுகிறது. அங்கே ஆ வெறும் பார்வையாளர். பெல்னாப் 1960இல் இதற்குப் புறத்தேயிருந்து ஒரு சோதனையும் தந்தார்: "அ என்றால் ஆ" என்பது இவ்வமைப்பில் தேற்றமாக வேண்டுமெனில், அ-வும் ஆ-வும் குறைந்தது ஓர் அணுக்கூற்றையாவது பகிர்ந்திருக்க வேண்டும். அபெலார்ட் பொருளடக்கம் என்று சொன்னதன் மெலிந்த நிழல் அது.

இனி ஐந்து படிகளில் எது விழவேண்டும்? ஆண்டர்சனும் பெல்னாப்பும் இறுதிப் படியையே, அதாவது "அ அல்லது ஆ; அ அன்று; ஆகவே ஆ" என்பதையே, கைவிட்டனர். இது பலருக்கு அதிர்ச்சி தந்தது. வேட்டை நாய்கூட மூன்று பாதைகளில் இரண்டை முகர்ந்துவிட்டு மூன்றாவதை முகராமலே பின்தொடரும் என்று கிரேக்கர் சொல்லிவந்த முறையல்லவா அது! அவர்களது விடை, 'அல்லது' என்ற சொல் இரு பொருள் தருகிறது என்பதாக அமைந்தது. நான்காம் படியில் "அ" மெய்யென்பதாலேயே "அ அல்லது ஆ" என்றோம். அந்த 'அல்லது' மெய்ம்மதிப்பை மட்டுமே நோக்குவது. ஐந்தாம் படியில் வேண்டியதோ "அ இல்லையென்றால் ஆ" என்ற உறுதியைச் சுமக்கும் 'அல்லது'. முதலாவது நான்காம் படியைத் தாங்கும், ஐந்தாவதைத் தாங்காது. இரண்டாவது ஐந்தாவதைத் தாங்கும், நான்காவதைத் தாங்காது. வாதம் நடுவழியில் சொல்லின் பொருளை மாற்றிக்கொள்கிறது.

மொழியியலார் இவ்விடத்தில் சற்று நின்று பார்க்கலாம். ஆங்கிலத்தின் 'ஆர்' என்ற சொல்லில் இந்த இருமை வெளிப்படையாகத் தெரிவதில்லை. தமிழின் 'அல்லது' என்பதோ 'அல்' என்ற எதிர்மறை வேரிலிருந்து வந்தது. 'அன்றாயின் வேறு' என்ற நிழல் அச்சொல்லிலேயே படிந்திருக்கிறது. பேச்சில் "இல்லாவிட்டால்", "இல்லையென்றால்" என்ற நிபந்தனை வடிவங்களே உறழ்வுச் சொற்களாக நடமாடுகின்றன. "மழை பெய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் குழாய் உடைந்திருக்க வேண்டும்" என்பவர், மழை பெய்தது என்று முன்பே தெரிந்து அதைச் சொல்வதில்லை. சொற்பிறப்பு தருக்கத்தைத் தீர்மானிக்காது என்பது உண்மையே. ஆயினும் ஆண்டர்சனும் பெல்னாப்பும் சுட்டிய இரண்டாம் பொருள் அவர்கள் தம் வசதிக்காகக் கற்பித்த பொருளன்று என்பதற்கு ஒரு மொழியின் வழக்காவது சாட்சி சொல்கிறது.

இதுவரை சொன்னவை விதிகளைப் பற்றியவை. ஒரு தருக்கத்துக்கு விதிகள் மட்டும் போதா. அவ்விதிகள் எதைப் பற்றியவை என்று சொல்லும் பொருண்மையியல் வேண்டும். வாய்பாட்டுத் தருக்கத்துக்குக் கிரிப்கி தந்த இயலக்கூடிய உலகங்கள் 1960களில் பெரும் வெற்றி கண்டிருந்தன. இயைபுத் தருக்கத்திடம் அத்தகைய படம் எதுவும் இல்லை என்பதே அதன்மீது வைக்கப்பட்ட முதற்குறை. அலஸ்டர் அர்க்கார்ட் 1972இல் ஓர் அழகிய படத்தைத் தந்தார்: உலகங்களுக்குப் பதிலாகத் தகவல் துண்டுகள். ஒரு தகவல் துண்டு "அ என்றால் ஆ" என்பதை ஆதரிக்கிறது எனில், அ-வை ஆதரிக்கும் எந்தத் துண்டோடு அதைச் சேர்த்தாலும் கிடைக்கும் கூட்டு ஆ-வை ஆதரிக்க வேண்டும். உட்கிடைக்கு மட்டும் என்றால் இது கச்சிதம். உறழ்வை வழக்கமான முறையில் சேர்த்தவுடன் இப்படம் அமைப்பு நிறுவுவதைவிடக் கூடுதலான கூற்றுகளை ஏற்கத் தொடங்கிவிடுகிறது. கையில் உள்ள தகவல் "அ அல்லது ஆ" என்று மட்டும் சொல்லி, எது என்று சொல்லாமல் இருக்கலாமல்லவா? அங்கேதான் சிக்கல்.

அதே ஆண்டுகளில் ரிச்சர்ட் ரூட்லியும் ராபர்ட் மேயரும் சிக்கலைக் கடந்தனர். அவர்கள் இரு நிலைமைகளின் கூட்டு என்ற செயலை விட்டு, மூன்று நிலைமைகளுக்கிடையே ஓர் உறவை வைத்தனர். க என்ற நிலைமையில் "அ என்றால் ஆ" மெய்யாவது எப்போதெனில், க-வோடு உறவுடைய ச, த என்ற எந்த இணையை எடுத்தாலும், ச-வில் அ மெய்யானால் த-வில் ஆ மெய்யாகும்போது. ச-வும் த-வும் வெவ்வேறாக இருக்கலாம் என்பதால் "அ என்றால் அ" என்ற விதிகூடச் சில நிலைமைகளில் பொய்க்கும். அது வேண்டியே செய்தது. அவ்விதி எங்கும் பொய்க்காவிட்டால், "எதுவாயினும் என்றால், அ என்றால் அ" என்ற இயைபற்ற கூற்று தேற்றமாகிவிடும்.

எதிர்மறைக்கு இன்னொரு கருவி தேவைப்பட்டது. அதை ரிச்சர்டும் வால் ரூட்லியும் 1972இல் வெளியிட்டனர். ஒவ்வொரு நிலைமைக்கும் ஓர் இணைநிலைமை உண்டு. அது விண்மீன் குறியிட்டு எழுதப்படுவதால் 'ரூட்லி ஸ்டார்' என்று பெயர்பெற்றது. க-வில் "அ அன்று" மெய்யாவது, க-வின் விண்மீனில் அ மெய்யாகாதபோது. அ க-வில் மெய்யாகி, விண்மீனில் மெய்யாகாவிடில், க-வில் அ-வும் மெய், "அ அன்று" என்பதும் மெய். எழுத்தரின் கையிலிருந்த இரு சான்றுகள்போல, முரண் இருக்கிறது, வெடிப்பு இல்லை. கணக்கு மிகத் துல்லியமாக வேலை செய்தது. முழுமைத் தேற்றங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

இவ்விருவரைப் பற்றி ஒரு செய்தி இடையே சொல்லத்தக்கது. ஆஸ்திரேலியாவின் இயற்கைக் காடுகளை அழித்துப் பைன் தோட்டங்கள் வைப்பதை எதிர்த்து 1973இல் 'தி ஃபைட் ஃபார் தி ஃபாரஸ்ட்ஸ்' என்ற நூலை எழுதியவர்களும் இவர்களே. பின்னர் பிரிந்தபோது ரிச்சர்ட், காட்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியில் ஸில்வன் என்றும், வால் தாம் வாழ்ந்த மலையின் பெயரால் பிளம்வுட் என்றும் பெயர் மாற்றிக்கொண்டனர். பிளம்வுட் 1993இல் எழுதிய கட்டுரையொன்று, செந்நெறி எதிர்மறை 'மற்றது' என்பதை வெறும் எச்சமாக வரையறுக்கிறது என்றும், ஆண்–பெண், பண்பாடு–இயற்கை போன்ற இருமைகளின் தருக்க வடிவம் அதுவே என்றும் வாதிட்டது. அவ்வாதம் முழுவதையும் ஏற்பது கடினம். ஒரு சூத்திரத்தின்மீது அது ஏற்றும் பாரம் அதிகம். ஆனால் எதிர்மறையின் பொருண்மையை அறச்சார்புடைய கேள்வியாகப் பார்த்தவர்கள் மிகச் சிலரே.

விண்மீனுக்கு வருவோம். கணிதத்தில் அதற்கு முன்னோர் உண்டு. பியவினிட்ஸ்கி-பிருலாவும் ரசியோவாவும் 1957இல் இயற்கணித வடிவில் அதையே பயன்படுத்தியிருந்தனர். கேள்வி கணிதத்தைப் பற்றியதன்று. 1979இல் ஜாக் கோப்லண்ட், எப்போது ஒரு பொருண்மையியல் பொருண்மையியல் ஆகாது என்ற பொருள்படும் தலைப்பில் எழுதிய கட்டுரை, துறையின் நெஞ்சில் கைவைத்தது. அவரது குற்றச்சாட்டு இது: சில புள்ளிகள், ஒரு மூவுறுப்பு உறவு, ஒரு விண்மீன். இவை வேண்டிய தேற்றங்கள் மட்டும் வெளிவருமாறு பொருத்தப்பட்டவை. 'என்றால்', 'அன்று' என்ற சொற்களைப் பேசுவோர் எப்பொருளில் ஆள்கின்றனர் என்பதை இவை விளக்கவில்லை. "அ அன்று" என்பதன் மெய்ம்மை ஏன் வேறொரு நிலைமையில் அ இல்லாமையைச் சார்ந்திருக்க வேண்டும்? அதற்கு விடை இல்லாதவரை, இது இயற்கணிதத்தின் மாற்றுடையேயன்றிப் பொருளின் விளக்கமாகாது.

இக்குற்றச்சாட்டு இயைபுத் தருக்கத்தின் எல்லையைத் தாண்டியது. சொற்பொருளுக்கு முறைசார் மாதிரி அமைக்கும் எவரும் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி இது. மாதிரி சரியான வாக்கியங்களை ஏற்றுத் தவறானவற்றைத் தள்ளுகிறது என்பதால் மட்டும் அது பொருளைச் சொல்லிவிட்டதாகுமா? மொழியியல் துறைகளில் இக்கேள்வி இவ்வளவு கூர்மையாகக் கேட்கப்படுவதில்லை என்பது வருந்தத்தக்கது.

விண்மீனுக்கு ஓரளவு நிறைவான விடையை மைக்கேல் டன் தந்தார். 1990களில் அவர் எழுதியவற்றையும், கிரெக் ரெஸ்டால் 1999இல் எழுதியதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இரு நிலைமைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகலாம், மோதலாம். கதவு மூடியிருக்கிறது என்று சொல்லும் நிலைமை, கதவு திறந்திருக்கிறது என்று சொல்லும் நிலைமையோடு மோதுகிறது. க-வில் "அ அன்று" மெய்யாவது, க-வோடு ஒத்துப்போகும் எந்த நிலைமையிலும் அ மெய்யாகாதபோது. இப்போது க-வின் விண்மீன் யார் என்பது தெளிவு: க-வோடு ஒத்துப்போகும் நிலைமைகளுள் மிகப் பெரியது, க மறுக்காத அனைத்தையும் உடன்பட்டுச் சொல்வது. முரணுடைய நிலைமை தன்னோடு தானே ஒத்துப்போகாத நிலைமை. மோதல் என்பது பேசுவோர் அறிந்த கருத்து; மறுப்பதற்கு முன்பே குழந்தை அறிவது. ஆகவே இது கோப்லண்ட் கேட்ட வகையான விளக்கமே. ஒரு கடன் மட்டும் எஞ்சியிருக்கிறது: ஒவ்வொரு நிலைமைக்கும் அத்தகைய 'மிகப் பெரியது' ஒன்று ஏன் இருந்தே தீரவேண்டும்? மோதல் என்ற கருத்து அதை உறுதிசெய்வதில்லை. இரட்டை மறுப்பு விதியைக் காக்கவே அது சேர்க்கப்படுகிறது என்ற ஐயம் நீங்கவில்லை.

மூவுறுப்பு உறவின் கதை இவ்வளவு தெளிவாக முடியவில்லை. க என்பது ச-விலிருந்து த-வுக்குத் தகவலைக் கடத்தும் வாய்க்கால் என்பார் ரெஸ்டால். ஒரு சூழலில் கிடைக்கும் விதிகளைக் கொண்டு அதே உலகின் பிற சூழல்களைப் பற்றி அனுமானிப்பது என்பார் எட்வின் மேர்ஸ். 2012இல் இவ்வுறவின் பொருள் குறித்து வெளிவந்த கட்டுரைக்குப் பதினொரு ஆசிரியர்கள். மேயரும் ஸில்வனும் அதற்குள் மறைந்துவிட்டிருந்தனர், ஆயினும் அவர்கள் பெயரும் ஆசிரியர் வரிசையில் உண்டு.

இதற்கிடையே மேயர் ஒரு பெரும் பந்தயத்தில் இறங்கியிருந்தார். ஐந்தாம் படியைப் பெறுமுடிவாகக் கைவிட்டாலும், "அ" என்பதும் "அ அன்று, அல்லது ஆ" என்பதும் இரண்டுமே தேற்றங்களாக இருந்தால் ஆ-வும் தேற்றமாகவே இருக்குமா? ஆக்கர்மன் இதைக் காமா விதி என்று பெயரிட்டுத் தம் அமைப்பில் வைத்திருந்தார். ஆண்டர்சனும் பெல்னாப்பும் நீக்கிய பின், நீக்கியதால் தேற்றம் எதுவும் இழக்கப்பட்டதா என்பதை ஆண்டர்சன் 1963இல் திறந்த வினாக்களுள் ஒன்றாக வைத்தார். மேயரும் டன்னும் 1969இல் இழப்பு ஏதுமில்லை என்று நிறுவினர். அந்த உற்சாகத்தில் மேயர் எண்கணிதத்துக்கே போனார். பியானோவின் மெய்கோள்களை இயைபுத் தருக்கத்தின்மீது அமைத்து, 'ஆர் ஷார்ப்' என்ற அமைப்பைத் தந்தார். இவ்வமைப்பில் "0 = 1" நிறுவத்தக்கதன்று என்பதை மிகச் சிறிய, முடிவுள்ள மாதிரியொன்றைக் கொண்டே காட்ட முடிந்தது. கோடலின் இரண்டாம் தேற்றத்துக்குப் பின் அத்தகைய எளிய உறுதி எண்கணிதத்துக்குக் கிட்டாது என்று நம்பியிருந்த துறையில் இது சிறு செய்தியன்று. காமா விதியும் அங்கே செல்லும் என்று நிறுவப்பட்டால், செந்நெறி எண்கணிதத்தின் தேற்றங்கள் அனைத்தும் இவ்வமைப்புக்குள் வந்துவிடும். அதன் முரணின்மையும் புதிய வழியில் கைகூடும்.

கைகூடவில்லை. 1992இல் ஹார்வி ஃப்ரீட்மனும் மேயருமே இணைந்து, இருபடி எச்சங்களைப் பற்றிய ஓர் எண்கோட்பாட்டுக் கூற்று செந்நெறியில் நிறுவத்தக்கது, ஆர் ஷார்ப்பில் நிறுவத்தக்கதன்று என்று காட்டினர். காமா அங்கே தோற்றது. இயைபு எண்கணிதம் இனி எங்கே என்று கேட்கும் தலைப்பை அக்கட்டுரைக்கு இட்டனர். தம் நம்பிக்கையின் முறிவைத் தாமே கையொப்பமிட்டு வெளியிட்ட இச்செயல், துறையின் வரலாற்றில் மிகவும் மதிக்கத்தக்கது. அதற்கு முன் 1984இல் அர்க்கார்ட், வீழ்ப்பு வடிவியலின் துணைகொண்டு, இத்தருக்கங்களின் கூற்றுத் தருக்கப் பகுதியே தீர்மானிக்க இயலாதது என்றும் நிறுவியிருந்தார். எளிய உள்ளுணர்விலிருந்து தொடங்கிய தருக்கம் எளிதாக இருக்க மறுத்துவிட்டது.

வெடிப்பை மறுக்க இயைபு ஒன்றே வழியன்று. முரண்தாங்கு தருக்கம் என்ற பெருங்குடையின்கீழ் வேறு பலரும் நின்றனர். போலந்தின் டோருன் நகரில் ஸ்டானிஸ்லாவ் யாஷ்கோவ்ஸ்கி 1948இல் முன்வைத்த தருக்கம் ஒரு விவாதக் கூடத்தை மாதிரியாகக் கொண்டது. பேசுவோருள் யாரேனும் ஒருவர் சொன்னதெல்லாம் கூடத்தில் சொல்லப்பட்டதே. ஒருவர் அ என்பார், இன்னொருவர் அ அன்று என்பார். இரண்டையும் சேர்த்து "அ, மேலும் அ அன்று" என்று சொன்னவர் எவருமில்லை. எனவே இங்கே விழுவது முதற்படியின் கூட்டு. பிரேசிலின் குரிட்டிபாவில் நியூட்டன் ட கோஸ்டா 1963இல் தந்த அமைப்புகளில் எதிர்மறையே மெலிந்தது. இவற்றுக்கெல்லாம் பொதுவான 'பாராகன்சிஸ்டன்ட்' என்ற பெயர் பெருவின் மெய்யியலார் ஃபிரான்சிஸ்கோ மிரோ கெசாதா 1976இல் வழங்கியது. கிரஹாம் பிரீஸ்ட் 1979 முதல் இன்னும் ஒரு படி மேலே சென்று, "இவ்வாக்கியம் பொய்" என்பது போன்ற சில முரண்கள் உண்மையாகவே மெய் என்றார்.

பிரீஸ்டின் துணிவைவிட டேவிட் லூயிஸின் தயக்கம் இங்கே கூடுதலாகக் கற்பிக்கிறது. முரண் மெய்யாக இருக்கலாம் என்பதை ஒருபோதும் ஏற்காத லூயிஸ், 1982இல் முரண்தாங்கு தருக்கத்துக்கு ஒரு பயனைக் கண்டார். பிரின்ஸ்டனின் நாசா தெரு ஏறத்தாழக் கிழக்கு மேற்காகச் செல்கிறது, அருகிலுள்ள இருப்புப்பாதை ஏறத்தாழ வடக்கு தெற்காகச் செல்கிறது, இரண்டும் ஏறத்தாழ இணையானவை என்ற மூன்றையும் தாம் ஒருகாலத்தில் நம்பியிருந்ததாக அவர் எழுதுகிறார். நம்பிக்கைகள் துண்டு துண்டாக இயங்கின. ஒரு துண்டு ஒரு வேளையில் விழித்திருந்தது. பெல்னாப் 1977இல் கணினிக்கு வகுத்த நான்கு மதிப்புகளும் இதன் அண்டை வீட்டில் உள்ளவை: மெய் என்று மட்டும் சொல்லப்பட்டது, பொய் என்று மட்டும் சொல்லப்பட்டது, இரண்டும் சொல்லப்பட்டது, எதுவும் சொல்லப்படாதது. மதிப்பு உலகைப் பற்றியதன்று. கணினிக்கு வந்துசேர்ந்த செய்தியைப் பற்றியது. எழுத்தரின் மேசையும் அதுவே.

முரண்தாங்கு தருக்கத்துக்கான ஐந்தாம் உலக மாநாடு 2014 பிப்ரவரியில் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் கூடியது. அந்நிறுவனத்தைத் தோற்றுவித்த மகாலனோபிஸ் 1954இலேயே, சமணரின் ஏழு வகைக் கூற்றாகிய சப்தபங்கியில் புள்ளியியலின் அடிப்படைகளைத் தேடியிருந்தார். அங்குப் பணியாற்றவந்த ஹால்டேன் 1957இல் அதைப் பற்றி எழுதினார். ஜோனர்தன் கனேரி பின்னர் சப்தபங்கியை யாஷ்கோவ்ஸ்கியின் விவாதக் கூடத்தோடு ஒப்பிட்டார். 'ஸ்யாத்' என்பது 'ஒரு நோக்குநிலையில்' என்று பொருள்படுவதால் ஒப்பீடு பொருத்தமாகவே அமைகிறது. ஆனால் இந்தியத் தருக்கம் முழுவதையும் முரண்தாங்கு தருக்கத்தின் முன்னோடி என்று கொண்டாடுவது அவசரம். நியாயரும் பௌத்தரும் ஆராய்ந்தது அனுமானத்தை, அதாவது ஏதுவும் எடுத்துக்காட்டும் கொண்டு அறிவைப் பெறும் வழியை. எடுகூற்றுகளின் கணத்திலிருந்து பெறப்படும் அனைத்தையும் பற்றிய கேள்வி அங்கே எழவேயில்லை. வெடிப்பு விதியை அவர்கள் மறுத்தார்கள் என்பதைவிட, அது அவர்கள் வழியில் குறுக்கிடவில்லை என்பதே சரி.

அவர்கள் வழியில் குறுக்கிட்டது வேறொன்று. திந்நாகர் மரபின் ஏதுப்போலிகளை விரிக்கும் மணிமேகலையின் 29ஆம் காதையில், அறவண அடிகள் 'விருத்த வியபிசாரி' என்ற குற்றத்தைக் கூறுகிறார். ஒலி செயலால் தோன்றுவதால் குடம்போல நிலையற்றது என ஒருவர் நிறுவலாம். செவியால் கேட்கப்படுவதால் ஒலித்தன்மைபோல நிலையானது என இன்னொருவர் நிறுவலாம். ஏதுக்கள் இரண்டும் தம்மளவில் செல்லுபடியாகின்றன, முடிவுகள் மோதுகின்றன. ஒலி நிலையானதா, நிலையற்றதா என்பது அப்போது துணியப்படாமல் நிற்கிறது. குடத்தைப் பற்றி முன்பு அறிந்தவற்றில் எதுவும் மாறுவதில்லை.